நாடு எது, நோக்கம் எது? வதிவிட விசாவின் இரண்டு கேள்விகளும் எமது சமூகமும்

அறுகம்பையில் இஸ்ரேலியர்கள், உனவட்டுனையில் ரஷ்யர்கள், முல்லைத்தீவில் ரோஹிங்யாக்கள். அண்மைக் காலமாக எமது முகநூல் பக்கங்களிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் வெளிநாட்டவர் பற்றிய பேச்சு இந்த மூன்று பெயர்களைச் சுற்றியே நடக்கிறது. முதல் இரண்டு விடயத்திலும் நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வது "விசா சட்டத்தை இறுக்குங்கள்" என்பதே. மூன்றாவதில் "அவர்களுக்கு இடம் கொடுங்கள்" என்கிறோம். இரண்டும் விளங்கிக்கொள்ளக் கூடிய உணர்வுகள்தான். ஆனால் இரண்டையும் ஒரே வாயால் சொல்வதாக இருந்தால், எந்த விதியின் மேல் நின்று பேசுகிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். ஆளைப் பார்த்து விதி கேட்டால், நாளை அதே விதி எம்மைப் பார்த்தும் எழுதப்படும். இது வெறும் எச்சரிக்கை அல்ல, ஏற்கனவே நடந்த கதை.

உலகில் எந்த நாடும் வெளிநாட்டவர் ஒருவருக்குத் தற்காலிக வதிவிட அனுமதி கொடுக்கும்போது இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது. நீ எந்த நாட்டுக்காரன்? என்ன நோக்கத்துக்காக இங்கே இருக்கிறாய்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிபர அலுவலகமான யூரோஸ்டாட், ஒவ்வோர் ஆண்டும் வழங்கப்படும் முதல் வதிவிட அனுமதிகளைப் பிரஜாவுரிமை வாரியாகவும், குடும்பம், கல்வி, தொழில், ஏனையவை என நோக்கம் வாரியாகவும் பிரித்து வெளியிடுகிறது. குவைத்தில் இந்த நோக்கத்துக்கு இலக்கமே உண்டு. தனியார் கம்பனி வேலையென்றால் 18, வீட்டு வேலையென்றால் 20, குடும்பமென்றால் 22. "20ஆம் நம்பர் விசாவில் போனவ" என்றால் எமது கிராமங்களில் விளக்கம் தேவையில்லை.

இலங்கையின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் வதிவிட விசாவை இவ்வாறே பிரித்து வைத்திருக்கிறது. தொழில்சார் நிபுணர்கள், முதலீட்டாளர்கள், மாணவர்கள், மதப் பணியாளர்கள், இலங்கையரின் வாழ்க்கைத் துணைகள், முன்னாள் இலங்கையர் என்று அந்தப் பட்டியல் போகும். அதற்குள் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது: 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் வரும் இந்தியர்கள். மற்ற எல்லா வரிகளும் ஒரு நோக்கத்தைச் சொல்கின்றன. இந்த ஒரு வரி மாத்திரம் ஒரு நாட்டையும் ஓர் ஆண்டையும் சொல்கிறது. மலையகத்தின் கதையும் எமது முன்னோர் சிலரின் கதையும் அந்த வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். மற்றையது அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். முதலாவது யார் உள்ளே என்று சொன்னது. இரண்டாவது வெளியே நிறுத்தப்பட்டவர் எந்தத் துண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் துண்டுதான் தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரம். பழைய ஆட்கள் "ரீ.ஆர்.பி." என்பார்கள்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. திருமணமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் பதிவு கிடைக்கும் என்றது. சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்தான். வீடும் தோட்டத்துக்கே சொந்தமான லயக் காம்பராவில், பிறப்புப் பதிவுகூட ஒழுங்காக இல்லாமல் வாழ்ந்தவர்களிடம் பத்திரம் கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

அந்தச் சட்டத்தின் பெயரில் "பாகிஸ்தானிய" என்ற சொல்லும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இது தோட்டத் தமிழரின் பிரச்சினை மாத்திரமாக இருக்கவில்லை. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து புறக்கோட்டையிலும் கண்டியிலும் மலையக நகரங்களிலும் கடை வைத்திருந்தவர்கள், அந்தக் கடைகளில் கணக்கு எழுதியவர்கள், எமது பள்ளிவாசல்களில் இமாமாக நின்றவர்கள், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பைமார் எல்லோரும் இந்த வலைக்குள் வந்தார்கள். பழைய குடிசன மதிப்பீடுகள் "இலங்கைச் சோனகர்", "இந்தியச் சோனகர்" என்று இரண்டு வரிசை போட்டு எண்ணின. ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் இரண்டு வரிசையில் எண்ணப்பட்டார்கள். கடைத்தெருவில் இவர்களைத் திட்டுவதற்கும் தோட்டத்துத் தொழிலாளியைத் திட்டுவதற்கும் ஒரே சொல்தான் பயன்பட்டது: கள்ளத்தோணி.

1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் டில்லியில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இலங்கைப் பிரஜையாகப் பதியப்படாதவர்களை இந்தியப் பிரஜைகளாகப் பதியுமாறு ஊக்குவித்தது. அப்படிப் பதிந்து இங்கேயே தங்கியவர்கள்தான் திணைக்களத்தின் பட்டியலில் இருக்கும் அந்த வரி. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கணக்கைப் பெரிதாகப் போட்டது. மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 இலட்சம். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் தொழிலில் இருந்தால், அனுப்பப்படும் நாள்வரை அல்லது 55 வயதுவரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, தொழிலில் தொடரலாம். அதுவரை விசாவும் இலவசம். "நோக்கம்" என்ற சொல்லின் முழுக் கருத்தும் இதில் இருக்கிறது. கொழுந்து பறிக்க, கவ்வாத்து வெட்ட உடம்பில் தெம்பு இருக்கும்வரைதான் இருப்பதற்கு உரிமை. உடம்பு ஓய்ந்தால் நோக்கம் முடிந்தது. நோக்கம் முடிந்தால் அனுமதியும் முடிந்தது.

இதே 55 வயதுக்கு இன்று இலங்கையின் விசாப் பட்டியலில் வேறொரு பொருளும் உண்டு. "மை ட்ரீம் ஹோம்" என்ற திட்டத்தில், 55 வயதைக் கடந்த, வங்கியில் டொலர் வைப்பிடக் கூடிய வெளிநாட்டவர் இங்கே வந்து ஓய்வாக வாழ வதிவிட விசா பெறலாம். 2022இல் அறிமுகமான "கோல்டன் பரடைஸ்" திட்டத்தில் ஒரு இலட்சம் டொலர் வைப்பிலிட்டால் பத்து ஆண்டுகள். உழைத்தவருக்கு 55இல் மூடிய கதவு, டொலர் உள்ளவருக்கு அதே 55இல் திறக்கிறது. நாட்டுக்கு டொலர் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் பணத்தால் ஆண்டுகளை வாங்க முடியும், உழைத்த ஆண்டுகளால் எதையும் வாங்க முடியாது என்பது நீதியான கணக்கல்ல.

இந்தக் கணக்கை நேராக்க நாட்டுக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. போர் காரணமாகத் தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது. போக வேண்டியவர்கள் போகவில்லை, இருந்தவர்களுக்குப் பத்திரமில்லை. 1986, 1988 சட்டங்களுக்குப் பின், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் முடிவு கட்டியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகள் என்றது அது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் துணையோடு சில நாட்களிலேயே சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிந்தார்கள். 55 ஆண்டுகள் இழுத்த ஒரு விடயத்தைச் சில நாட்களில் முடிக்க முடிந்தது என்றால், தடையாக இருந்தது நிர்வாகச் சிரமம் அல்ல, மனம்தான்.

தற்காலிக அனுமதி என்பதே அநியாயம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் இருக்கும் பொல்பிட்டியவிலேயே இதற்கு எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. 1969 முதல் இயங்கும் எமது மின் நிலையத்துக்குக் கீழே, 35 மெகாவோட் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டத்தைக் கட்டியது ஒரு சீன நிறுவனம். பொறியியலாளரும் தொழிலாளரும் வந்தார்கள், அணை கட்டினார்கள், வேலை முடியப் போனார்கள். அவர்களின் வாழ்க்கை வேறிடத்தில் இருந்தது, வேலை மாத்திரம் இங்கே இருந்தது. அப்படிப்பட்டவருக்குத் தற்காலிக அனுமதி பொருத்தமான ஏற்பாடு. ஆனால் இதே மலையில், ஒருவருடைய பாட்டன் போட்ட பாதையில் பேரன் நடந்து பள்ளிக்கூடம் போகும் நிலையிலும் அந்தக் குடும்பத்தைத் "தற்காலிகம்" என்றுதான் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அனுமதி தற்காலிகமாக இருப்பது பிழையில்லை. வாழ்க்கை நிரந்தரமான பிறகும் அனுமதி தற்காலிகமாகவே இருப்பதுதான் பிழை.

இதை இன்று வேறு பக்கத்திலிருந்து அனுபவிப்பவர்கள் எமது பிள்ளைகள். ரியாத்திலும் தோஹாவிலும் குவைத்திலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இக்காமாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்ந்தவர்கள் எமது ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். கபீல் கையெழுத்து வைத்தால் அந்த ஆண்டு சட்டபூர்வமானது. அவர் "ஹுரூப்" என்று அறிவித்துவிட்டால் மறுநாளே ஓடிப்போனவர். 2020இல் கத்தார், முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறச் சட்டம் கொண்டு வந்தது. 2021 மார்ச்சில் சவூதியும் ஒரு சீர்திருத்தம் செய்தது. ஆனால் சவூதியின் அந்தச் சலுகைக்குள் வீட்டுப் பணிப்பெண்களும் வீட்டுச் சாரதிகளும் வரவில்லை. எமது பெண்கள் அதிகமாகப் போவது எந்த வேலைக்கு என்று சொல்லத் தேவையில்லை.

நாடு வாரியாகப் பிரிப்பதும் அங்கே உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டொலருக்குக் குறையக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் அரசு 2006இலேயே விதித்தது. ஆகவே ஒரே வீட்டில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெண்களின் சம்பளம், கடவுச்சீட்டின் நிறத்தைப் பொறுத்து வேறுபடலாம். இருபது ஆண்டு உழைத்தும் அங்கே ஒரு நாள்கூட உரிமையாக மாறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஐந்து ஆண்டுகள் சட்டபூர்வமாகத் தொடர்ந்து வாழ்ந்த வெளிநாட்டவர் நீண்டகால வதிவிட அந்தஸ்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டிலிருந்து பொதுவிதி இருக்கிறது. அங்கே அனைத்தும் சொர்க்கம் என்பதல்ல. வாழ்ந்த ஆண்டுகளை எண்ணும் ஒரு சட்டம் சாத்தியம் என்பதே செய்தி.

இனி 2019க்கு வருவோம். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாத ஆரம்பத்தில், 600க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் வெளியேற்றப்பட்டதாகவும் அவர்களுள் சுமார் 200 பேர் இஸ்லாமிய மதபோதகர்கள் என்றும் அப்போதைய உள்நாட்டலுவல்கள் அமைச்சர் வஜிர அபேவர்தன அறிவித்தார். அவர்கள் சட்டபூர்வமாக வந்தவர்கள், விசாக் காலம் கடந்து தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். காலம் கடந்து தங்குவது சட்டமீறல்தான். அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் காலம் கடந்தவர்கள் அந்த மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. விதி வருடம் முழுவதும் தூங்கி, ஒரு கூட்டத்தைக் கண்டதும் எழும்பினால், அது விதியல்ல, ஆயுதம்.

இப்போது அறுகம்பைக்குப் போவோம். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் கடை நடத்துகிறார்கள், வழிபாட்டு மையம் நடத்துகிறார்கள் என்பது முறைப்பாடு. உனவட்டுனையில் 2024 பெப்ரவரியில் "வெள்ளையருக்கு மாத்திரம்" என்று ஒரு விருந்து அறிவிக்கப்பட்டு நாடே கொதித்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது இங்கிருந்த ரஷ்ய, உக்ரைன் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணமின்றி விசா நீடித்துக் கொடுத்த நாடு இது. அந்தக் கருணை சரியானதே. போர் நடக்கும் ஊருக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில், குழந்தைகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் படகில் ஒதுங்கியபோது அவர்கள் போனது முகாமுக்கு. அவர்களும் திரும்பிப் போக முடியாத ஊரிலிருந்துதான் வந்தார்கள். கடற்கரையில் அவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்த தமிழ், முஸ்லிம் மக்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. விசாப் பட்டியலுக்கு மாத்திரம் தெரிந்தது. ஏனெனில் நாடே இல்லை என்று மியன்மாரால் சொல்லப்பட்டவர்களுக்கு "எந்த நாடு" என்ற கட்டத்தை நிரப்ப முடியாது. உயிர் பிழைக்க வந்தோம் என்பது "நோக்கம்" என்ற கட்டத்தில் இல்லை. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன?

முதலாவது, சுற்றுலா விசாவில் தொழில் செய்தால் நடவடிக்கை எடுங்கள், யாராக இருந்தாலும். "இஸ்ரேலியரைத் தடை செய்" என்ற கோஷத்தின் பின்னால் காஸாவின் வலி இருக்கிறது, அது எனக்கும் உண்டு. வெளிநாட்டுக் கொள்கையாக ஒரு நாட்டுக்கு எதிராக நிலைப்பாடு எடுக்கக் கோருவது எமது ஜனநாயக உரிமை. ஆனால் குடிவரவு அதிகாரியின் கையில் நாடு பார்த்துத் தட்டும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை அது இந்தோனேசியாவிலிருந்து வரும் ஜமாஅத்தின் மேலும், எமது மத்ரஸாவில் ஓத வரும் மாணவனின் மேலும் தட்டும். செயலைப் பார்த்து விதி கேட்பதே எமக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது, வாழ்ந்த ஆண்டுகளுக்கு எடை கொடுங்கள். 1954 என்ற வரியின் கீழ் இன்னும் வதிவிட விசாவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர்கூட மிச்சமிருக்கக் கூடாது. இங்கே திருமணம் செய்து நீண்டகாலம் வாழும் வாழ்க்கைத் துணைக்கும் நிலையான வதிவிடம் ஒரு பத்திரப் போராட்டமாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, புலம்பெயர் தொழிலாளர் மற்றும் அவர்களது குடும்பங்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1996இல் ஏற்றது. வளைகுடா நாடு எதுவும் ஏற்கவில்லை. அவர்களிடம் எமது ஆட்களுக்காக நியாயம் கேட்க வேண்டுமானால், எமது மண்ணில் இருக்கும் அந்நியத் தொழிலாளிக்கும் அதே நியாயத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க முடியும். அந்தச் சமவாயம் புலம்பெயர் தொழிலாளியின் பிள்ளைக்குப் பெயரும் பிறப்புப் பதிவும் நாடும் கல்வியும் உண்டு என்கிறது. ஓர் அகதிப் பிள்ளைக்கு வகுப்பறைக் கதவைத் திறக்க அதற்கு மேல் புதிய தத்துவம் தேவையில்லை.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக் கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. வெளிநாட்டில் பிறக்கும் இலங்கையரின் பிள்ளை, பிறந்த உடனே தானாக இலங்கைப் பிரஜை ஆகிவிடுவதில்லை. பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் அமைச்சின் அனுமதி, தண்டப்பணம், அலைச்சல். 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு தந்தை வெளிநாட்டவராக இருந்தாலும் இலங்கைத் தாயின் வழியாகப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு. இது தெரியாததால், முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும்போது உம்மும்மாவின் கையில் அரபு மொழியில் ஒரு வைத்தியசாலைத் துண்டு மாத்திரம் இருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இதை அறிவிக்க எந்தப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் செலவில்லை.

"சிறிய நாடு, எல்லோருக்கும் எங்கே இடம்?" என்று சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. யாரை, எத்தனை பேரை, எவ்வளவு காலத்துக்கு உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது அரசின் உரிமை. விட்ட பிறகு அவரை எப்படி நடத்துவது என்பதில்தான் நீதி வருகிறது. மக்காவில் வாழ முடியாமல் போன முதல் முஸ்லிம்கள் ஹபஷாவுக்குப் போனபோது, அவர்களைத் திருப்பித் தரும்படி குறைஷிகள் ஆள் அனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர் வந்தவர்களின் குலத்தையும் கோத்திரத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களைக் கூப்பிட்டு அவர்களின் வாயாலேயே கேட்டார், கேட்ட பிறகு கையளிக்க மறுத்தார். அவர் அப்போது எமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கூட அல்ல.

அந்த நிழலில் ஒதுங்கியவர்களின் உம்மத் நாம். அறுகம்பையைப் பற்றியும் முல்லைத்தீவைப் பற்றியும் பேசும்போது, இரண்டுக்கும் பொருந்தும் ஒரே விதியையே கேட்போம்: செய்ததைப் பாருங்கள், வாழ்ந்ததை எண்ணுங்கள், போக இடமில்லாதவருக்குப் பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள்.